சும்மா கிடக்கும் மெமரி பேஜ்களைக் கணக்கெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கம்பெனிகளின் லினக்ஸ் சர்வரைக் கவனித்துக்கொள்பவர்களும், காட்பாடி, பாகாயம் பக்கக் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் படிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கோப்புப் பாதைகளையும் கமாண்ட் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது அதே பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஐடில் பேஜ் என்றால் என்ன?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ரேமைப் பேஜ் பேஜாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாதாரண பிசியில் ஒரு பேஜ் 4 கேபி. ஒரு பேஜுக்கு ‘ஐடில்’ என்று குறி போட்டபின், அந்தக் குறி அழியாமல் இருக்கும்வரை அது ஐடில் பேஜ். நேதாஜி மார்க்கெட் குடோனில் காலையில் எல்லா மூட்டை மேலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, எடுப்பவர் கோட்டை அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தால், சாயங்காலம் கோடு அழியாமல் இருப்பது யாரும் தொடாத மூட்டை. கெர்னலும் இதைத்தான் செய்கிறது.

எந்த நேரத்தில் குறி போட்டோம், எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தோம் என்பது இந்தக் கணக்கோடு ஒட்டிப் பிறந்தது. ‘2 ஜிபி ஐடில்’ என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருள் கிடையாது. ‘திங்கள் காலை 10 மணியிலிருந்து 30 நிமிடத்தில் 2 ஜிபி ஐடில்’ என்று சொன்னால்தான் அது அளவு.

ஃப்ரீ கமாண்டே எல்லாவற்றையும் காட்டுகிறதே, இது எதற்கு?

ஃப்ரீ காட்டுவது மொத்தத்தில் எவ்வளவு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை. கொடுக்கப்பட்டதில் எவ்வளவு உண்மையில் தொடப்படுகிறது என்று அது சொல்லாது. ஷூ கம்பெனி ஒன்றின் 8 ஜிபி சர்வரில் டேட்டாபேஸும் ஒரு ஜாவா அப்ளிகேஷனும் ஓடுகின்றன, ஆறரை ஜிபி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறரையும் நாள் முழுக்கப் புழங்குகிறதா, அல்லது நாலு ஜிபி புழங்கி மீதி வெறுமனே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? ரேம் வாங்குவதா, வெர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கியதைக் குறைப்பதா என்ற முடிவு இந்தப் பதிலில்தான் இருக்கிறது. அளக்காமல் ரேமுக்குக் காசு கொடுக்காதீர்கள். அளக்காமல் ரேமைக் குறைப்பது அதைவிட மோசம்.

என் கெர்னலில் இந்த வசதி இருக்கிறதா?

விளாதிமிர் டேவிடோவ் எழுதிய இந்த ஐடில் பேஜ் டிராக்கிங் வசதி 2015-இல் லினக்ஸ் 4.3-இல் சேர்ந்தது. ஆனால் கெர்னலை உருவாக்கும்போது கான்ஃபிக்_ஐடில்_பேஜ்_டிராக்கிங் என்ற தேர்வை இயக்கியிருக்க வேண்டும். /பூட் அடைவில் உங்கள் கெர்னலுக்குரிய கான்ஃபிக் கோப்பில் இந்தப் பெயரை கிரெப் கமாண்டால் தேடிப் பாருங்கள். இந்தத் தேர்வின் பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. இன்னும் சுலபமான வழி, /சிஸ்/கெர்னல்/எம்எம்/பேஜ்_ஐடில்/பிட்மேப் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் அந்தத் தேர்வோடு கெர்னலை மறுபடி பில்ட் செய்ய வேண்டும். மாட்யூலாகத் தனியே ஏற்ற முடியாது. கோப்பைத் திறக்க ரூட் அனுமதி வேண்டும்.

அந்த பிட்மேப் கோப்பு எப்படி அமைந்திருக்கிறது?

8 பைட் எண்களின் வரிசை அது. ஒவ்வொரு பிட்டும் ஒரு பேஜுக்கு. பேஜின் பிஎஃப்என் எண்ணை, அதாவது ரேமில் அது எத்தனையாவது பேஜ் என்பதை, 64-ஆல் வகுத்தால் ஈவு எந்த 8 பைட் எண் என்று சொல்லும். மீதி அதற்குள் எந்த பிட் என்று சொல்லும்.

பிஎஃப்என் 16,00,005 என்ற பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 64-ஆல் வகுத்தால் ஈவு 25,000, மீதி 5. கோப்பில் 25,000 × 8 = 2,00,000-ஆவது பைட்டுக்குப் போய் 8 பைட் படித்தால், அதில் 5-ஆவது பிட் உங்கள் பேஜ். பிட்களைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். பிட் 1 என்றால் ஐடில். குறி போட, அதே இடத்தில் 32 என்ற மதிப்பை 8 பைட்டாக எழுத வேண்டும். எழுதும் மதிப்பு ஏற்கெனவே இருப்பதோடு ‘ஆர்’ செய்யப்படுகிறது. அதனால் பக்கத்து 63 பேஜ்களின் குறி கலையாது. 0 எழுதிக் குறியை அழிக்கவும் முடியாது.

படிக்கும் இடமும் நீளமும் 8-இன் மடங்காக இருக்க வேண்டும். தவறினால் ‘இன்வேலிட் ஆர்க்யூமென்ட்’ என்று திருப்பி அனுப்பும். ரேமின் கடைசி பேஜையும் தாண்டி எழுதினால் ‘நோ சச் டிவைஸ் ஆர் அட்ரஸ்’ வரும். எல்லா பேஜுக்கும் குறி போட கோப்பின் கடைசி வரை எழுதும்போது முடிவில் இந்தப் பிழை வருவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஒரு ஜிபி ரேமுக்கு 2,62,144 பேஜ்கள், பிட்மேப்பில் 32 கேபி. 8 ஜிபிக்கு 256 கேபி. நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் 4 ஜிபி முகவரிக்குக் கீழே ஒரு பகுதியைப் பிசிஐ சாதனங்களுக்கு விட்டுவிட்டு ரேம் அதற்கு மேல் தொடரும். அந்த இடைவெளியில் பிட் எப்போதும் 0.

ஒரு ப்ராசஸை மட்டும் அளக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் /ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குள் இருக்கும் மேப்ஸ் கோப்பைப் படித்து முகவரி எல்லைகளை எடுங்கள். பிறகு அதே இடத்தில் உள்ள பேஜ்மேப் கோப்பு. இதில் ஒவ்வொரு பேஜுக்கும் 8 பைட். முகவரியைப் பேஜ் அளவால் வகுத்து 8-ஆல் பெருக்கினால் படிக்க வேண்டிய இடம் கிடைக்கும். வரும் எண்ணில் 63-ஆவது பிட் 1 என்றால் பேஜ் ரேமில் இருக்கிறது. 62-ஆவது 1 என்றால் ஸ்வாப்பில், அதாவது ரேமிலிருந்து வெளியே தள்ளியதை வைக்கும் டிஸ்க் இடத்தில், இருக்கிறது. ரேமில் இருந்தால் 0 முதல் 54 வரையிலான பிட்கள்தான் பிஎஃப்என்.

இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: ரூட் இல்லாமல் படித்தால் கோப்பு திறக்கும், பிழை எதுவும் வராது, ஆனால் பிஎஃப்என் எல்லாம் 0 என்று வரும். 4.2 கெர்னலிலிருந்து இப்படித்தான். பிஎஃப்என் பட்டியல் முழுக்கச் சுழியமாக இருந்தால் உங்கள் நிரலில் தேடாதீர்கள், அனுமதியைப் பாருங்கள்.

கிடைத்த பிஎஃப்என்களை வரிசைப்படுத்தி, 64-ஆல் வகுத்தால் ஒரே ஈவு வருபவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே தடவையில் பிட்மேப்பில் எழுதுங்கள். பைத்தானில் செய்தால் பஃபரிங்கை 0 என்று கொடுத்து பைனரி முறையில் திறப்பது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் 8 பைட் கேட்டாலும் பைத்தான் பின்னால் ஒரு பெரிய துண்டையே படித்துவிடும், கேட்காத பேஜ்களையும் கெர்னல் வீணாகச் சோதிக்கும்.

காத்திருங்கள். காத்திருப்பு முடிந்ததும் பேஜ்மேப்பை மறுபடி புதிதாகப் படியுங்கள், பழைய பட்டியலை வைத்து எண்ணாதீர்கள். அதன்பிறகு பிட்மேப், கடைசியாக ஒவ்வொரு பேஜின் குறிகளையும் காட்டும் /ப்ராக்/கேபேஜ்ஃப்ளாக்ஸ். கேபேஜ்ஃப்ளாக்ஸிலும் 25-ஆவது பிட்டாக ஐடில் குறி இருக்கிறது. ஆனால் பிட்மேப்பைப் படித்த பிறகுதான் அது நம்பத்தக்கது. பேஜ் டேபிள் (ப்ராசஸின் முகவரி ரேமில் எந்தப் பேஜ் என்று காட்டும் அட்டவணை) வழியாகத் தொட்டது, பிட்மேப்பைப் படிக்கும் அந்தக் கணத்தில்தான் சரிபார்க்கப்படுகிறது.

கெர்னல் மூலநிரலோடு வரும் பேஜ்-டைப்ஸ் என்ற சிறு கருவியிலும் ஐடில் குறி போடும் வசதி உண்டு. பழைய மூலநிரலில் டூல்ஸ்/விஎம், 6.3-லிருந்து டூல்ஸ்/எம்எம் அடைவில் இருக்கும். சொந்தமாக நிரல் எழுதும் மாணவர்கள் அதன் மூலத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ப்ராசஸுக்குப் பதில் ஒரு சர்வீஸ் முழுவதையும் அளக்கலாமா?

அளக்கலாம். ஃபைல் கேஷும், அதாவது படித்த கோப்புகளைக் கெர்னல் ரேமில் வைத்திருப்பதும், கணக்கில் வர வேண்டும் என்றால் அதுவே சரியான வழி. ஒரு ப்ராசஸ் ரீட் கால் மூலம் படித்த கோப்பின் பேஜ்கள் அதன் பேஜ்மேப்பில் தெரியாது. /ப்ராக்/கேபேஜ்சிகுரூப் கோப்பு, ஒவ்வொரு பேஜும் எந்த மெமரி சிகுரூப்பின் (ஒரு சர்வீஸின் ப்ராசஸ்களைச் சேர்த்து மெமரிக் கணக்கு வைக்கும் குழு) கணக்கில் இருக்கிறது என்பதை அதன் ஐனோட் எண்ணாக, அதாவது அடைவின் அடையாள எண்ணாகத் தரும். சிகுரூப் அடைவின் ஐனோட் எண்ணை எல்எஸ் கமாண்டில் ‘-டிஐ’ கொடுத்துப் பார்த்து, அந்த எண்ணோடு ஒத்துப்போகும் பேஜ்களை மட்டும் எண்ணுங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

இதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. உங்கள் வேலையின் சுற்று எவ்வளவு நீளம் என்று முதலில் கேளுங்கள்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் பில்லிங் சர்வர் என்றால் காலை ஷிஃப்ட், மதியம், சரக்கு அனுப்பும் சாயங்காலம் என்று ஒரு நாளுக்குள்ளேயே மூன்று முகம் இருக்கும். சம்பளக் கணக்குப் போடும் அப்ளிகேஷன் மாதத்தில் நாலைந்து நாள்தான் விழிக்கும். மாத நடுவில் 30 நிமிடம் அளந்தால் அதன் மெமரி முக்கால்வாசி ஐடில் என்று வரும். அதை நம்பி வெட்டினால், சம்பள நாளில் அத்தனை பேஜும் ஒரே நேரத்தில் ஸ்வாப்பிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்கும். ஸ்வாப் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அன்றைக்கு ஆபீஸே நின்றுபோகும்.

ஒரே ஒரு இடைவெளியில் அளக்காமல் 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 1 நாள் என்று அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 10 நிமிடத்துக்கும் 1 மணிக்கும் இடையில் ஐடில் பெரிதாகக் குறையவில்லை என்றால் அந்த அளவு நிலையானது. ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போனால் உங்கள் சுற்று இன்னும் நீளம்.

இரண்டு விஷயம் அளவைக் கெடுக்கும். இரவு பேக்கப் ஓடினால் டேட்டாபேஸின் பேஜ்களை எல்லாம் ஒருமுறை தொட்டுவிடும், ஐடில் சரிந்துவிடும். ஜாவாவில் முழு கார்பேஜ் கலெக்‌ஷனும் அப்படியே ஹீப் முழுவதையும் நடந்து பார்க்கும். இவை நடந்த நேரத்தைக் குறித்துவைத்து அந்த இடைவெளியைத் தனியாகப் பாருங்கள். அதேபோல், குடியாத்தம் பக்கம் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தாங்காமல் சர்வர் ரீபூட் ஆனால், அன்றைய அளவைத் தூக்கிப்போடுங்கள். ப்ராசஸ் இன்னும் தன் மெமரியை நிரப்பியே முடித்திருக்காது.

மறுபக்கம், மிகக் குறுகிய இடைவெளியும் பொய் சொல்லும். ப்ராசஸர் ஒரு பேஜைத் தொடும்போது பேஜ் டேபிளில் ‘ஆக்சஸ்டு’ பிட்டைப் போடுகிறது. எக்ஸ்86-64-இல் அது 5-ஆவது பிட். ஐடில் குறி போடும்போது கெர்னல் அந்தப் பிட்டை அழிக்கிறது, ஆனால் டிஎல்பியை, அதாவது பேஜ் டேபிள் பதிவுகளை ப்ராசஸர் தனக்குள் நகலெடுத்து வைக்கும் இடத்தை, காலி செய்வதில்லை. டிஎல்பியில் பழைய பதிவு இருக்கும்வரை ப்ராசஸர் மறுபடி அந்தப் பிட்டைப் போடாது. அதனால் விடாமல் புழங்கும் பேஜ்கூடச் சில மில்லி விநாடிகளில் பார்த்தால் ஐடில் என்று தெரியலாம். நிமிடக் கணக்கில் அளப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்தெந்த பேஜ்கள் கணக்கில் வராது?

ப்ராசஸ்களின் மெமரி, ஃபைல் கேஷ், ஸ்வாப் கேஷ் ஆகியவைதான் வரும். அதாவது எல்ஆர்யு பட்டியலில் (எதை முதலில் வெளியே தள்ளலாம் என்று பார்க்கக் கெர்னல் வைத்திருக்கும் பட்டியல்) இருக்கும் பேஜ்கள். கெர்னலின் சொந்த மெமரியான ஸ்லாப், பேஜ் டேபிள் போன்றவற்றுக்குக் குறி போட முயன்றால் பிழை சொல்லாமல் கடந்துபோய்விடும், அவை ஒருநாளும் ஐடில் என்று வராது. அந்த நேரத்தில் லாக் ஆகியிருக்கும் பேஜும் விடுபடலாம், அது மிகச் சொற்பம்.

எம்லாக் செய்த, அதாவது ரேமிலேயே இருக்க வேண்டும் என்று ப்ராசஸ் பூட்டிவைத்த பேஜ்கள் ஐடிலாகத் தெரிந்தாலும் அவற்றை வெளியே தள்ள முடியாது. கேபேஜ்ஃப்ளாக்ஸில் 18-ஆவது பிட் போட்டவற்றைக் கழித்துவிடுங்கள்.

ஹியூஜ் பேஜ் இருந்தால் கணக்கு ஏன் இவ்வளவு குறைகிறது?

பல சின்னப் பேஜ்களைச் சேர்த்து ஒன்றாக வைப்பது ஹியூஜ் பேஜ். அதில் ஐடில் குறி முதலில் வரும் தலைப் பேஜுக்கு மட்டும்தான். 2 எம்பி ஹியூஜ் பேஜில் 512 சின்னப் பேஜ்கள் உண்டு. முழுவதும் ஐடிலாக இருந்தாலும் பிட்மேப்பில் ஒரே ஒரு பிட்தான் 1, மீதி 511-ம் 0.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்கு போடுவோம். பிட்மேப்பில் 3,00,000 பிட் ஐடில், அதில் 500 ஹியூஜ் பேஜின் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 4 கேபியால் பெருக்கினால் சுமார் 1,172 எம்பி வரும். சரியாகப் போட்டால் 2,99,500 சின்னப் பேஜுக்கு 1,170 எம்பி, 500 ஹியூஜ் பேஜுக்கு 1,000 எம்பி, ஆக 2,170 எம்பி. கிட்டத்தட்டப் பாதி காணாமல் போயிருக்கும்.

கேபேஜ்ஃப்ளாக்ஸில் 15-ஆவது பிட் தலை, 16-ஆவது வால். தலை ஐடில் என்றால் அதைத் தொடர்ந்து வரும் வால்களையும் எண்ணிச் சேருங்கள். எல்லாத் தலைக்கும் 512 என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்காதீர்கள். புதிய கெர்னல்களில் 16 கேபி, 64 கேபி என்று இடைப்பட்ட அளவுத் தொகுப்புகளும் வருகின்றன.

அதே ப்ராசஸை இரண்டு முறை அளந்தால் ஒத்துப்போகவில்லை, ஏன்?

பெரும்பாலும் ஸ்வாப்தான் காரணம். ஐடிலாக இருந்த பேஜைக் கெர்னல் ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டால் அது பிட்மேப்பை விட்டே போய்விடும், ஐடில் குறைந்ததுபோல் தெரியும். ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்ஸ்வாப் வரியைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெமரி காம்பேக்‌ஷன் நடந்தால் பேஜ் வேறு பிஎஃப்என்னுக்கு இடம் மாறும். குறியும் கூடவே போகும், ஆனால் பழைய எண்ணில் தேடினால் கிடைக்காது. பேஜ்மேப்பை மறுபடி படிக்கச் சொன்னது இதற்காகத்தான். பகிர்ந்துகொள்ளும் பேஜ்களும் குழப்பும். சி லைப்ரரியின் பேஜை வேறொரு ப்ராசஸ் தொட்டாலும் குறி அழிந்துவிடும். குறி பேஜுக்குத்தான், ப்ராசஸுக்கு இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் செய்தால் மெதுவாகுமா?

படிப்பதும் எழுதுவதும் இலவசம் இல்லை. குறியுள்ள ஒவ்வொரு பேஜுக்கும், அது எந்தெந்த பேஜ் டேபிளில் இருக்கிறது என்று கெர்னல் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நூறு ப்ராசஸ் பகிரும் பேஜ் என்றால் நூறு இடம். சில நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 8 ஜிபி, 16 ஜிபி மெஷினில் சுமை தெரியாது. விநாடிக்கு ஒருமுறை முழு பிட்மேப்பையும் படிக்காதீர்கள்.

ஆக்சஸ்டு பிட்டை நாம் அழித்தால், எதை வெளியே தள்ளுவது என்று முடிவெடுக்கும் கெர்னலின் ரீக்ளெய்ம் ஏமாந்துபோகாதா என்பது நல்ல கேள்வி. அதற்காகவே ‘யங்’ என்று இன்னொரு குறி இருக்கிறது. அழிக்கும்போது பிட் போட்டிருந்தால் பேஜுக்கு யங் குறி விழும். ரீக்ளெய்ம் வரும்போது அதையும் ஒரு தொடுதலாக எண்ணிக்கொள்ளும்.

ராஸ்பெர்ரி பை 4-இல் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் கவனிக்க: அதன் கார்டெக்ஸ்-ஏ72 ப்ராசஸர் ஆக்சஸ்டு பிட்டைத் தானாகப் போடாது. பிட்டை அழித்தபின் வரும் முதல் தொடுதலில் ஒரு ஃபால்ட் ஏற்பட்டு, கெர்னல்தான் போட வேண்டும். அதனால் குறி போட்ட உடனே ஒரு தடுமாற்றம் தெரியும். பை 5-இல் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் வழக்கமான கெர்னலில் பேஜ் அளவு 16 கேபி. கெட்கான்ஃப் கமாண்டில் பேஜ் அளவைப் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

வெர்ச்சுவல் மெஷினுக்குள், கன்டெய்னருக்குள் வேலை செய்யுமா?

வெர்ச்சுவல் மெஷினுக்குள் அதன் சொந்தக் கெர்னல் இருப்பதால் உள்ளேயே அளக்கலாம். கேவிஎம் ஹோஸ்டிலிருந்தும், விருந்தாளி மெஷின் தொட்ட பேஜ்களை அளக்க முடியும். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் இல்லை. ஹோஸ்டில் ரூட்டாக இருந்து, அதன் சிகுரூப்பை வைத்து அளக்க வேண்டும்.

கிளியர்_ரெஃப்ஸ், டேமன், எம்ஜிஎல்ஆர்யு எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

/ப்ராக் அடைவில் ப்ராசஸின் எண்ணுக்குள் இருக்கும் கிளியர்_ரெஃப்ஸில் 1 எழுதிவிட்டு, பிறகு அங்கேயே உள்ள எஸ்மேப்ஸில் ‘ரெஃபரன்ஸ்டு’ வரியைக் கூட்டுவது பழைய வழி. ஒரு ப்ராசஸை அவசரமாகப் பார்க்கப் போதும். ஆனால் அது ரீக்ளெய்மின் கணக்கைக் குழப்பும், மேப் செய்யாத ஃபைல் கேஷையும் பார்க்காது.

டேமன் என்ற கெர்னல் கண்காணிப்பு வசதி 2021-இல் 5.15-இல் வந்தது. பேஜ் பேஜாக எண்ணாமல், மெமரியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துப் பார்க்கிறது. பகுதிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம், அதனால் ரேம் எவ்வளவு பெரியதானாலும் சுமை கட்டுக்குள் இருக்கும். மாதக்கணக்கில் ஓடவிட்டுக் கண்காணிக்க டேமன்தான் சரி. 6.1-இல் வந்த எம்ஜிஎல்ஆர்யு, பேஜ்களை வயதுவாரியாகத் தலைமுறைகளாக வைத்திருப்பதை டீபக் கோப்பு முறைமையில் எல்ஆர்யு_ஜென் கோப்பில் காட்டுகிறது.

இந்தப் பேஜ்தான், இத்தனைதான் என்று துல்லியமாக வேண்டும்போது பிட்மேப்பைத் தேர்ந்தெடுங்கள். டேமனையும் பிட்மேப் அளவையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். இரண்டும் அதே ஆக்சஸ்டு பிட்டையும் அதே குறிகளையும் தொடுகின்றன, இரண்டின் கணக்கும் கெடும்.

நிறைய ஐடில் வந்தது. அடுத்து என்ன?

எந்த ப்ராசஸின் எந்தப் பகுதி என்று மேப்ஸை வைத்துப் பிரியுங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி பஃபர் பூல் என்றால் அதன் அளவைக் குறைக்கலாம். ஜாவா ஹீப் என்றால் உச்ச அளவைக் குறைக்கலாம். அப்ளிகேஷனில் கை வைக்க முடியாத இடத்தில் சிகுரூப் வி2-இன் மெமரி.ஹை வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். 5.19-லிருந்து மெமரி.ரீக்ளெய்ம் கோப்பில் எத்தனை பைட் என்று எழுதினால் அவ்வளவையும் மீட்க கெர்னல் முயலும். முதல் நாளே ஐடில் முழுவதையும் வெட்ட வேண்டாம். கால்வாசி வெட்டி, ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, /ப்ராக்/விஎம்ஸ்டேட் கோப்பில் ஸ்வாப்பிலிருந்து திரும்பி வந்த பேஜ்களை எண்ணும் ‘பிஎஸ்டபிள்யூபிஇன்’ எவ்வளவு ஏறுகிறது, /ப்ராக்/பிரஷர்/மெமரி கோப்பில் மெமரிக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் ‘சம்’ வரி நகர்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டும் அமைதியாக இருந்தால் அடுத்த கால்வாசி. ஏற ஆரம்பித்தால் கடைசியாக வெட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளந்து முடித்தபின் குறிகளை அழிக்க வேண்டுமா?

வேண்டாம். தொட்டவுடன், அல்லது பேஜ் விடுவிக்கப்பட்டவுடன், அவை தாமாகவே போய்விடும். அடுத்த அளவைத் தொடங்கும்போது மட்டும் எல்லா பேஜுக்கும் புதிதாகக் குறி போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.